பெரியப்பா பாடின ஆல்பம்

ஜனவரி 11

அன்புள்ள ஸ்க்ரூவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். நீயும் உன் பெண்டாட்டி டீச்சரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்காலுக்கு என் மருந்துக் கடையிலிருந்து அனுப்பிய களிம்பைத் தடவுகிறாயா, இல்லை அதையும் ஏதாவது லிஃப்ட் கதவுக்குப் போட்டுவிட்டாயா? போனிலேயே கேட்டிருப்பேன். போனில் உனக்கு "ம்", "சரி", "சொல்லு" தவிர வேறு பேச்சு கிடையாது. பேனாவைப் பிடித்தால்தான் உனக்கு வாய் திறக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மேல் வீட்டுக்கு ஒரு பல் டாக்டர் குடி வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலை நீட்டிப் படுத்தேன், மேலேயிருந்து பாட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஏணி ஆல்பம்! அட்டையில் ஒரு சிவப்பு ஏணி எதன் மேலும் சாயாமல் நிற்குமே, அதே ராக் ஆல்பம்தான். உன் அத்தான் ஓட்டிய பஸ்ஸில் (ஓட்டியது டிரைவர்தான், ஆனால் ஊர்ப்பட்ட கண்டக்டர் பேச்சு பேசி அவர்தான் ஓட்டுவதாக நினைப்பு) யாரோ சீட்டில் விட்டுப்போன இசைத்தட்டு. டிப்போவில் கேட்டு யாரும் வரவில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் இறந்துபோன பிறகு பிளேயரை நீ தூக்கிக்கொண்டு போனாய், தட்டு என்னிடம் நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக உனக்கும் பாட்டில்லை, எனக்கும் பாட்டில்லை.

அப்படிப்பட்ட பாட்டு மேலே கேட்கிறது, ஆனால் என்ன கொடுமை, நாய் துரத்துகிற மாதிரி ஓடுகிறது! நம் பெரியப்பா குரலையே காணோம். சளி பிடித்த மாதிரி கனமாகப் பாடுகிறாரே என்று நாம் பெரியப்பா பட்டம் கொடுத்தோமே, அந்த மனிதர் இருந்த இடத்தில் யாரோ மூச்சிரைக்கப் பாடுகிறார்கள். துடைப்பக் கட்டையை எடுத்து மேலே நாலு இடி இடித்தேன். பாட்டு நின்றது. டாக்டர் இறங்கி வந்தார்.

"மன்னிக்கணும், சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சா?"

"சத்தம் இருக்கட்டுங்க. வேகம்தான் ஜாஸ்தி. உங்க மிஷின் கெட்டுப் போயிருக்கு."

"இல்லையே, சரியாத்தான் சுத்துது."

"எனக்கா தெரியாது? இருபது வருஷம் கேட்டவ நான்."

"நானும்தாங்க" என்கிறார், சிரிக்காமல்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கதவைச் சாத்திவிட்டேன். நீ உடனே பிளேயரை எடுத்து யாரிடமாவது ஒரு தட்டை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்து, நம்முடையதுதான் சரியான வேகம் என்று ஒரு லிஃப்ட் மெக்கானிக்காக எழுதி அனுப்பு. அவர் முகத்தில் கரியைப் பூச வேண்டும்.

டீச்சருக்கு என் அன்பு. களிம்பு முழங்காலுக்கு, மறக்காதே.

உன் அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

முழங்கால் தேவலை. டீச்சருக்கு நர்சரிப் பிள்ளைகளிடமிருந்து ஜலதோஷம், அவளிடமிருந்து எனக்கு. மற்றபடி சுகம்.

மேல் வீட்டு ஆள் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே. அத்தான் கைபட்ட பிளேயர் தப்பாகச் சுற்றாது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து டிப்போ கடிகாரத்தையே திருத்துவார்கள். நான் அந்த ஆல்பத்தை வைத்துத்தான் கிதாரே கற்றுக்கொண்டேன். இரண்டாம் பக்கத்தில் அந்த நீளமான கிதார் வாசிப்பு வருமே, இன்னமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன்.

கம்பெனி ஆண்டு விழாவில் என்ன ஆச்சு என்று நீ கேட்பாய் என்று தெரியும். அன்றைக்கு என்னோடு வாசித்தவர்கள் எல்லோரும் சுருதி தப்பி வாசித்தார்கள். அதனால்தான் மேடையை விட்டு இறங்கினேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிளேயரை எடுத்துப் பார்க்கவில்லை. அலமாரி மேல் துணி போர்த்தி இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மேல் வீட்டு ஆளை நான் விசாரித்ததாகச் சொல்லத் தேவையில்லை.

தம்பி


பிப்ரவரி 9

என் அருமை ஸ்க்ரூவுக்கு,

உட்கார்ந்திருக்கிறாயா? உட்கார். கையில் டீ இருந்தால் கீழே வை.

நீ மெக்கானிக் கடிதம் தராததால் நானே களத்தில் இறங்கினேன். நம் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். "என் தட்டை உங்க மிஷின்ல போடுங்க, பார்ப்போம்" என்றேன். போட்டார். அதே ஓட்டம். அவர் தட்டும் அதே ஓட்டம். சரி, மிஷின் கோளாறு என்று நான் சாதிக்க, அவர் தன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். நம் அட்டையில் பின்பக்கம் நீ சின்ன வயதில் பசை கொட்டிக் கிழித்துவிட்டாய், முடி நீண்ட நான்கு தலைகள் மட்டும்தானே மிச்சம்? அவருடையதில் கீழே பேர் இருக்கிறது.

டேய், பாடுவது பொம்பளை!

நான்கு பேருக்கும் இடுப்பு வரை முடி, நாம் பாட்டுக்கு நான்கு பேரையும் ஆம்பளைக் கணக்கில் சேர்த்துவிட்டோம். பெரியப்பா பெரியம்மாவாகிவிட்டார். நான் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, புரை ஏறி, அந்த மனிதர் பயந்துபோய் என்னை நாற்காலியில் சாய்த்து "வாயைத் திறங்க" என்றார். தொழில் பழக்கம். அதற்கு இன்னும் சிரித்தேன்.

அப்புறம் நாம் "மாடியில யாரு மாமா, மாடியில யாரு" என்று தொண்டை கிழியப் பாடுவோமே, அதைப் பாடிக் காட்டினேன். இங்கிலீஷ் பாட்டில் ஏது தமிழ் என்று நாம் ஒரு நாளாவது யோசித்தோமா? நிஜமான வரியை அவர் மருந்துச் சீட்டில் எழுதித் தந்தார். ஊரில் எந்த டாக்டர் கையெழுத்தையும் படிக்கிற எனக்கே அது "மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்" என்றுதான் தெரிகிறது. ஆகவே நம் வரியே இருக்கட்டும்.

அவருக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். ஊராரை வாயைத் திற வாயைத் திற என்று சொல்லியே காலம் போய்விட்டது, என் வாயைத் திறக்க மறந்துவிட்டேன் என்கிறார். காலேஜில் இந்த ஆல்பத்தைப் போட்டு ஹாஸ்டல் முழுக்க ஆடுவார்களாம். ஒரே ஜன்னல் உள்ள அறையாம், ஆடி முடித்ததும் எல்லோரும் காற்றுக்காக அந்த ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்களாம். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, இருபது வயசுப் பையன் முகம்.

டாக்டர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஜலதோஷத்துக்கு மாத்திரை இத்துடன் இருக்கிறது. டீச்சருக்குப் பாதி கொடு.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

மாத்திரை கிடைத்தது. ஜலதோஷம் போய்விட்டது.

பெரியப்பா பெரியப்பாதான். அச்சடித்தவன் பேரை மாற்றிப் போட்டிருப்பான்.

உன் கடிதத்தில் என் முழங்காலைக் காணோம். டாக்டர் என்கிற சொல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ண ஆரம்பித்து, அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பஸ்ஸில் ஆல்பத்தைத் தொலைத்த ஆள் அவரேதானோ என்னவோ, கேட்டுப் பார். தட்டைத் திருப்பிக் கேட்கத்தான் மாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறாரோ?

ஆல்பம் அத்தானுடையது.

தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

நீயும் டீச்சரும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கடையில் மட்டும் இரண்டு நாளாக மருந்தை எடுத்துக்கொடுத்துவிட்டு மிச்சம் கொடுக்க மறந்து போகிறேன்.

அவர் பஸ்ஸில் எதையும் தொலைக்கவில்லை, கேட்டுவிட்டேன். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வருமாம், நடந்துதான் போவாராம். கண்டக்டர் பெண்டாட்டிக்கு வந்து வாய்த்ததைப் பார்.

வாய்த்தது என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்த மாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன ஞாயிறு படிக்கட்டில் நின்றுகொண்டு கேட்டார். "நான் கீழ இறங்கி வந்து இருக்கட்டுமா, இல்ல நீங்க மேல வந்து இருக்கீங்களா?" முதலில் எனக்கு விளங்கவே இல்லை, வீட்டு வாடகை விஷயம் போல என்று நினைத்தேன். அப்புறம் காதைப் பார்த்தேன், சிவந்து போயிருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்வோமா என்கிறார்.

எனக்கு ஆசையாக இருக்கிறதடா. ஐம்பத்தொரு வயதில் இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். யாரோ நம்மோடு சண்டை போடக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்து கடையைச் சாத்திவிட்டு வேகமாக வீட்டுக்கு நடக்கிறேன். ஒன்பது வருஷமாக நான் வேகமாக நடந்ததே இல்லை.

ஆனால் உன் வாயால் சரி என்று வராமல் நான் அவருக்குச் சரி சொல்ல மாட்டேன். அப்பா அம்மா போனதும் பன்னிரண்டு வயதில் நீ பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய். உன்னை அத்தான் வளர்த்தார், அவரை உன்னைவிட நான் ஒன்றும் அதிகமாக இழந்துவிடவில்லை. அவர் இடத்தில் இன்னொருவர் உட்காருவது உனக்குப் பொறுக்காது என்றால் ஒரு வரி எழுது. மாடிப்படிப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன். உன் மேல் வருத்தமும் வராது. பொய். கொஞ்சம் வரும். ஆனால் சொன்னபடி செய்வேன்.

பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 12

ஸ்க்ரூ,

போன கடிதம் கிடைத்ததா? தபால்காரர் மேல் பழி போடலாம் என்று பார்த்தால், அவர் நம் கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்து "எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்மா" என்று அடித்துச் சொல்கிறார்.

களிம்பு தீர்ந்திருக்கும். இன்னொன்று அனுப்பியிருக்கிறேன்.

மாடியில் பாட்டு இல்லை. நான்தான் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் அவர் மேலே நடப்பது கேட்கிறது. ஜன்னல் வரைக்கும் நடப்பார், திரும்புவார்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

டீச்சர் எழுதுகிறேன். நாங்கள் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதம் பத்திரமாக வந்தது. வந்த அன்றைக்கே உங்கள் தம்பி படித்துவிட்டு வேலைப் பையில் போட்டுக்கொண்டார். தினமும் அதோடுதான் லிஃப்டுக்குள் ஏறி இறங்குகிறார். உங்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை அக்கா. இருந்தால் எனக்குத் தெரியாதா, கோபம் வந்தால் வீட்டில் உள்ள எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போடுவார். ஒரு கதவையும் தொடவில்லை.

போன வாரம் அலமாரி மேலிருந்து பிளேயரை இறக்கினார். துடைத்தார். எதிரில் உட்கார்ந்துகொண்டார். "என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"பெல்ட்டு லூசா இருக்கு."

"பெல்ட்டுக்கா மூணு நாளா சோறு இறங்கல?"

அதற்கு அவர், "அக்காவும் போய்ட்டா அத்தானை ஞாபகம் வெச்சுக்க நான் ஒருத்தன்தான் இருப்பேன்" என்றார். பிள்ளைகள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், உட்கார்ந்தேன்.

இன்று காலையில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு நிம்மதி. அவர் எதையாவது கழற்ற ஆரம்பித்தால் பாதி சரியாகிவிட்டார் என்று அர்த்தம்.

நான் எழுதியது தெரிய வேண்டாம். தெரிந்தாலும் பரவாயில்லை.

டீச்சர்


ஏப்ரல் 27

அக்கா,

டீச்சர் எழுதிவிட்டாள் என்று தெரியும். கவருக்குள் பிள்ளைகளுக்கு ஒட்டுகிற நட்சத்திரம் ஒன்றை வைத்து ஒட்டியதைப் பார்த்தேன். நான் சுகம். நீ சாப்பிட்டாயா?

பிளேயரைப் பிரித்தேன். நிதானமாகக் கேள்.

தட்டு சுற்றுகிற மேசையைத் தூக்கினால் அடியில் ஒரு மோட்டார். மோட்டார் தண்டில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், அதிலிருந்து பெல்ட் போய்த்தான் மேசையைச் சுற்றும். அந்தக் குட்டிச் சக்கரம் சிறுத்தால் மேசை மெதுவாகும். லிஃப்டிலும் இதே சங்கதிதான், நான் தினமும் பார்க்கிறது. நம் பிளேயரில் அந்த இடத்தில் சக்கரமே இல்லை. உன் தையல் மிஷின் பாபின் மாட்டியிருக்கிறது! சிவப்பு நூல் கொஞ்சம் சுற்றினபடியே இருக்கிறது. பாபின் ஓட்டை தண்டுக்குப் பெரிசு, ஆடக்கூடாது என்று உள்ளே ஒரு பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் செருகியிருக்கிறது. கண்டக்டர் வேலை.

சரி, சக்கரம் உடைந்திருக்கும், அத்தான் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். அப்புறம் பெட்டியின் உள்பக்கம் கை போனது. சீருடைத் துணியில் எதையோ சுற்றி டேப் போட்டு ஒட்டியிருந்தார். பிரித்தால், பாபினைவிடப் பெரிய பித்தளைச் சக்கரம். அசல். ஒரு கீறல் இல்லை, பளபளவென்று இருக்கிறது. உடைந்ததால் மாற்றவில்லை அக்கா. வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார். எதற்கு?

ராத்திரி சாப்பிடும்போது கையில் சோற்றோடு எனக்கு ஞாபகம் வந்தது. தட்டு வந்த புதிதில் அந்த நீளமான வாசிப்பு என் விரலுக்கு எட்டவில்லை. கிதாரைக் கட்டில் மேல் எறிந்துவிட்டு அழுதேன், பதிமூன்று வயசு எருமை. அத்தான் வந்து, "ஏன்டா அழுவுற? இரு, மெதுவா பாடச் சொல்லிடறேன்" என்றார். அடுத்த ஞாயிறு நான் முழுசாக வாசித்துவிட்டேன்! கை தேறிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. என் கை ஒன்றும் தேறவில்லை. பாட்டைத்தான் எனக்காக மெதுவாக்கியிருக்கிறார். அது தெரியாமல் அந்தச் சுருதிக்கே கிதாரை இறக்கி வைத்துக்கொண்டு, ஆண்டு விழாவில் மற்றவன் எல்லாம் தப்பு என்று இறங்கி வந்திருக்கிறேன். ஐயோ, மானம் போச்சு! டீச்சர் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

பாபின் போதும் என்றால் பித்தளைச் சக்கரத்தைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. துணி சுற்றி, நான் கை விட்டால் எட்டுகிற இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். என் விரல் ஓடப் பழகினதும் திரும்ப மாட்ட வேண்டும் என்றுதானே?

மாட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த பாட்டுத் தட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக் கேட்டேன். சரியான வேகம்தான், டாக்டர் சொன்னதுதான் சரி. ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அப்புறம் பசித்தது.

நீ ஒரு வரி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். அத்தான் பஸ்ஸை எடுக்கச் சொல்லும்போது என்ன சொல்வாரோ, அதுதான்.

போலாம், ரைட்!

தம்பி


மே 9

என் ராசா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கடைசி வரியைப் பார்த்ததும் சத்தமாக "ரைட்!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்ற பெரியவர் கையிலிருந்த சீட்டைக் கீழே போட்டுவிட்டார். அப்படியே கடையை உதவிக்கு இருக்கிற பெண்ணிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, மூச்சு வாங்க மாடியேறிக் கதவைத் தட்டி, "சரிங்க" என்றேன். அவர் வாயில் பிரஷ் இருந்தது. பல் டாக்டர் பாவம், நுரையோடு சிரித்தார்.

பாபின் தொலைந்துபோனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது! நான் வீடெல்லாம் தேடினேன், அவரும் என்னோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியில் தேடினார், என்ன நடிப்பு! குரல் திடீரென்று கனத்துப் போச்சே என்று நான் கேட்டதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "புதுத் தட்டுன்னா முதல்ல அப்படித்தான் இருக்கும். ஓட ஓடத்தான் குரல் பழுக்கும்." நான் அதை நம்பினேன், ஸ்க்ரூ! மருந்துக்குப் படித்தவள் நம்பினேன்!

தூரத்தில் ஒருத்தர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் மணியடித்து வண்டியை நிறுத்திவிடுவார் அந்த மனுஷன். டிரைவர் திட்டுவார், பயணிகள் முணுமுணுப்பார்கள், இவர் படியில் நின்று கையை நீட்டிக்கொண்டிருப்பார். வீட்டிலும் அதைத்தான் செய்திருக்கிறார். நான் இன்று முழுக்க அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேன். டாக்டரிடம் முழுக்கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவரோட ஒரு தடவை பஸ்ல போயிருக்கலாம், வாந்தி வந்தாலும் பரவாயில்ல" என்றார்.

ஜூன் 20 பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. சாயங்காலம் மாடியில் பாட்டு. நீ பிளேயரோடு வர வேண்டும், பாபினும் வர வேண்டும். கிதார் உன் இஷ்டம்.

இன்னொன்று. அத்தான் என்கிற சொல்லை நீ இவருக்காக விட்டுத்தர வேண்டாம். அது அவருடையது. இவரை டாக்டர் என்றே கூப்பிடு. அவர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

டீச்சருக்கு ஆயிரம் முத்தம்.

அக்கா


ஜூலை 4

அன்புள்ள ஸ்க்ரூவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? டீச்சர் கால் வலி எப்படி? ஆடினால் வலிக்கத்தானே செய்யும்.

இங்கே இன்னும் அதே பேச்சுதான். பித்தளைச் சக்கரத்தோடு முதல் பாட்டு போட்டாயே, ஒரு பக்கம் முடிவதற்குள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஹாஸ்டல் கதையை இப்போது நம்புகிறேன். அப்புறம் நான் "பெரியப்பாவைக் கூப்பிடு" என்றதும் நீ பாபினை மாட்டினாய். பெரியப்பா சளியோடு வந்து பாட ஆரம்பித்ததும் நீயும் நானும் "மாடியில யாரு மாமா" என்று கத்தியதில் கீழ்த் தெருவில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நீ பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தாய், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

டாக்டர் முதன்முதலாக அந்த வேகத்தில் கேட்டார். பாட்டு முடிகிற வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இதைத்தான் இருபது வருஷம் கேட்டியா?" என்றார். "ஆமா" என்றேன். "நல்லாத்தான் இருக்கு. எனக்கும் இதுல ஆட வரும்" என்று கையைப் பிடித்தார். நாங்கள் ஆடியதுதான் உனக்குத் தெரியுமே.

உன்னிடம் ஒரு புகார். அன்று முழுக்க நீ அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டாய்? "இந்தாங்க", "ஒரு நிமிஷம்", "கொஞ்சம் நகருங்க". டாக்டர் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு தரம் அவர் முதுகைத் தட்டிக் கூப்பிட்டாய். நேற்று "உன் தம்பி எனக்கு என்ன பேரு வெச்சிருக்கான்?" என்று கேட்டார். "இந்தாங்க" என்றேன். "நல்ல பேருதான்" என்றார்.

கீழே அவர் மூன்று வரி எழுதியிருக்கிறார். நீ படிக்க முடியாது, நானே சொல்கிறேன். "தம்பிக்கு, முழங்காலைக் காட்டாமல் ஓடிவிட்டீர்கள். பிளேயரை இங்கேயே விட்டுப் போனதற்கு நன்றி. சக்கரம், பாபின் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்." நடுவில் ஒரு சொல் எனக்கே விளங்கவில்லை. அன்பு என்று இருக்கும்.

அக்கா


ஜூலை 16

அக்காவுக்கு,

டீச்சர் கால் தேறிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லித்தருகிறாள். தலைமை ஆசிரியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். என் முழங்காலும் தேவலை. களிம்பை முழங்காலுக்குத்தான் போடுகிறேன்.

கிதாரைச் சரியான சுருதிக்கு ஏற்றினேன். முதல் நாளே ஒரு தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது, இத்தனை வருஷம் தளர்த்தி வைத்த கோபம் போல. இப்போது அந்த நீளமான வாசிப்பை அசல் வேகத்திலேயே வாசிக்கிறேன். இரண்டு இடத்தில் விரல் சிக்கும். பழகிவிடும். கம்பெனியில் அடுத்த ஆண்டு விழாவுக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் "இந்தத் தடவை இறங்கி வர மாட்டியே?" என்று கேட்டார். மற்றவர்கள் தப்பாக வாசிக்காமல் இருந்தால் இறங்க மாட்டேன் என்றேன்.

நீ சொன்ன புகாரைப் பற்றி. அன்றைக்குப் பேர் வரவில்லை அக்கா, வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிவிட்டது. டாக்டர் என்று கூப்பிட எனக்கு என்ன பல்லா வலிக்கிறது? ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். டீச்சர் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். இரண்டு பேர் சீட்டு. நடுவழியில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு ஏறினாள், உட்கார இடமில்லை. கண்டக்டர் நேராக எங்களிடம் வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இன்னும் ஒருத்தர் தாராளமா உக்காரலாம்" என்றார். தள்ளி உட்கார்ந்தோம். உட்கார்ந்தாள். யாரும் எழுந்திருக்க வேண்டியே வரவில்லை. நம் ஆள் இந்த வரியை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. டீச்சர் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமையில் பாட்டுப் போடுங்கள். எந்த வேகத்தில் என்று சண்டை போட்டுக்கொள்ளுங்கள். முழங்காலைக் காட்ட அடுத்த மாதம் வருகிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லு.

தம்பி